லெகேஷன் குவார்ட்டர்: தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) நகரில் அந்நிய நாட்டுத் தூதர்கள் இருந்த இடமான லெகேஷன் குவார்ட்டரைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இங்கே முன்வைக்கப்பட்ட 'தூதரகப் பகுதி', 'துணைத் தூதரகக் குடியிருப்பு' என்னும் இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் லெகேஷன். 1815ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் வகுத்த படிநிலையின்படி, அம்பாசடர் தலைமையில் இயங்குவது எம்பசி. அவருக்குக் கீழ்ப்படியிலுள்ள மினிஸ்டர் தலைமையில் இயங்குவது லெகேஷன். வல்லரசுகள் பெரும்பாலும் தமக்குள்ளேயே அம்பாசடர்களை அனுப்பிக்கொண்ட காலமாகையால், அப்போது சீனாவை ஆண்ட சிங் பேரரசின் தலைநகரான பீக்கிங்குக்கு மினிஸ்டர்கள்தாம் வந்தார்கள். சீனாவுக்கு முதல் அம்பாசடரைச் சோவியத் ஒன்றியம் 1924இல் அனுப்பியது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகியவை 1935இல்தான் தங்கள் லெகேஷன்களை எம்பசிகளாக உயர்த்தின. எல்லாவற்றையும் 'தூதரகம்' என்றே எழுதினால் இந்த ஏற்றத்தாழ்வு வாசகர் கண்ணில் படாமலே போய்விடும். 'துணைத் தூதரகம்' என்றாலோ, விசாவுக்கு வரிசையில் நிற்கும் கான்சலேட்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். சீனர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை: லெகேஷன் 'கோங்ஷிகுவான்', எம்பசி 'தாஷிகுவான்', 'தா' என்றால் பெரிய.

லெகேஷனுக்கு நான் முன்மொழிவது 'தூதுமனை'. 1861இல் பிரிட்டிஷார் குடியேறியது லியாங் கோமகனின் அரண்மனையில், அதுவும் வாடகைக்கு என்பதால், 'மனை' வெறும் ஒட்டுச்சொல்லாக நிற்காது. இன்று மனை என்றதும் வீட்டுமனை விளம்பரம் நினைவுக்கு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அரண்மனை என்ற சொல் இருக்கும்வரை அதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை.

குவார்ட்டர்தான் கடினம், ஏனெனில் அந்த இடமே காலப்போக்கில் வேறாகிவிட்டது. அங்குள்ள தெருவின் பழைய பெயரான தோங்ஜியாங்மி சந்தில், 'ஜியாங்மி' என்பது ஒட்டரிசியைக் குறிக்கும். பின்னர் அதே ஓசையை ஒட்டித் தோங்ஜியாவ்மின் சந்து என்றாயிற்று. 'ஜியாவ்மின்' என்றால் மக்கள் கலந்து பழகுவது. 1900 வரை அங்கே தூதுமனைகளுக்கிடையே சீனர் வீடுகளும் கடைகளும் இருந்தன; பிரிட்டிஷ் தூதுமனையின் வடக்கு மதிலை ஒட்டியே, பேரரசின் அறிஞர் அவையான ஹான்லின் கழகம் இருந்தது. ஆகவே அந்தக் காலத்துக்குத் 'தூதுமனைத் தெரு' என்பதே போதும்.

அந்நியரை எதிர்த்த பாக்ஸர் கிளர்ச்சியாளர்களும் சிங் படையினரும் தூதுமனைகளைச் சூழ்ந்துகொள்ள, 1900 ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 14 வரை நீடித்த முற்றுகையில் ஹான்லின் கழகம் எரிந்தது. முற்றுகையை உடைத்து முதலில் உள்ளே புகுந்தவர்கள், நகர மதிலின் அடியில் செல்லும் கால்வாய் மதகு வழியே வந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர். அடுத்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று சிங் அரசுக்கும் அந்நிய நாடுகளுக்கும் இடையே கையெழுத்தான உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, அந்த இடத்தை அந்நியரின் தனி ஆளுகைக்கு ஒப்படைத்து, சீனர்கள் அங்கே குடியிருக்கும் உரிமையைப் பறித்து, அரண் கட்டிக்கொள்ளவும் இடமளித்தது. மதில் எழுந்தது, மதிலுக்கு வெளியே, நெருங்கி வருவோரைச் சுடுவதற்கு வசதியாக வீடுகளை இடித்துத் திறந்தவெளி உண்டாக்கினார்கள். மக்கள் கலக்கும் சந்தில் அந்த நாட்டு மக்களுக்கே குடியிருக்க உரிமை இல்லை.

இதைப் 'பகுதி' என்பது பச்சைத் தண்ணீர்போல் இருக்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்து அந்நியர் குடியிருப்பை 'யவனர் இருக்கை' என்கிறது. அழகான சொல்தான், ஆனால் 'தூதர் இருக்கை' என்று இன்று எழுதினால் நாற்காலி என்றே படிப்பார்கள். மதில் சூழ்ந்த, காவலுள்ள இடத்துக்குச் 'சிறைக்கோட்டம்' முதலாகப் பழகிய 'கோட்டம்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வள்ளுவர் கோட்டத்தை நினைத்து இதையும் நினைவிடம் என்று சிலர் மயங்கலாம். மின்வாரியக் கோட்டமும் குறுக்கே வரும். ஆயினும் 'தூதுமனை' முன்னே நிற்கும்போது அந்த மயக்கம் நீடிக்காது. கோட்டத்துக்கு வளைவு, நேர்மைக்கேடு என்ற பொருளும் உண்டு. இந்த இடத்தைப் பொறுத்தவரை அது எனக்கு உறுத்தவில்லை.

ஆகவே 1901க்கு முன் 'தூதுமனைத் தெரு' என்றும், அதன்பின் 1943இல் பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் சிறப்புரிமைகளைக் கைவிடும்வரை 'தூதுமனைக் கோட்டம்' என்றும் எழுதலாம். மதிலுக்கு வெளியே இருந்த அந்தத் திறந்தவெளியை ஆங்கிலத்தில் கிளாசிஸ் என்பார்கள். அதற்கு நான் எண்ணிய 'சுடுவெளி' சுடுகாட்டை நினைவூட்டுகிறது. கோட்டைக் கட்டுமானச் சொற்கள் அறிந்தவர்கள் வேறு சொல் தந்தால் மகிழ்வேன்.