மறு: தேரி மணலும் உலர் சாம்பலும் – ‘பிடிப்பூட்டல்’ சரிவருமா?

அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். மண்ணோடு சுண்ணாம்பு, சாம்பல் போன்றவற்றைச் சேர்த்து உறுதியாக்கும் வேலைக்கு (soil stabilization) ‘பிடிப்பூட்டல்’ என்று சொல்லலாம் என என் முந்தைய மடலில் எழுதியிருந்தேன். அதற்கு அண்ணாச்சி கேட்டவற்றுக்குப் பதில் இது.

> ‘மண் நிலைப்படுத்தல்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அதையே வைத்துக்கொண்டால் என்ன, தம்பி?

பழகிவிட்டோம் என்பது சரிதான். ஆனால் திசையன்விளைப் பக்கம் ரோலர் ஓட்டுகிற ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது, "மண்ணு எங்க சார் போவுது, அங்கனதான கெடக்கு" என்றார். (தேரி என்பது அந்தப் பக்கத்துச் செம்மணல் மேடு. ஆடிக் காற்றில் தேரி மணல் வேலியையே மூடும், அது வேறு கதை.) அதே ஆள் அடுத்த நிமிடம் தானாகவே, "இந்த மணலுக்குப் பிடிப்பே கிடையாது" என்றார். நான் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான். பிடிப்பில்லாததற்குப் பிடிப்பை ஊட்டுகிறோம்: பிடிப்பூட்டல். சேர்க்கும் பொருள் பிடிப்பூட்டி. முடிந்து கிடைப்பது பிடிப்பூட்டிய மணல்.

தேரி மணலை நனைத்துக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், காய்ந்ததும் பொலபொலவென்று உதிரும். சிவப்பைப் பார்த்துச் செம்மண் என்று நினைத்துவிடுகிறோம். அது இரும்பு ஆக்சைடு பூசிய படிகக்கல் (குவார்ட்ஸ்) மணல்தான். காற்று சலித்துக் குவித்ததால் துகள் பெரும்பாலும் ஒரே அளவு. இடுக்கை நிரப்பப் பொடி போதாது. ரோலர் எத்தனை முறை ஓடினாலும் மணி மணியாகத்தான் கிடக்கும். அதனால்தான் ‘இறுக்குதல்’ வேறு, ‘பிடிப்பூட்டல்’ வேறு என்கிறேன். இரண்டையும் ‘கெட்டிப்படுத்துதல்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறோம்.

சுண்ணாம்பு மட்டும் போட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். மணலில் சிலிக்கா நிறைய இருந்தாலும் அது படிக வடிவம், சாதாரண வெப்பத்தில் சுண்ணாம்போடு சேராது. அனல் மின் நிலையத்துச் சாம்பலில் இருக்கும் சிலிக்கா உலைச் சூட்டில் உருகிச் சட்டென்று ஆறியது, கண்ணாடி மாதிரி. தண்ணீரும் சுண்ணாம்பும் கிடைத்தால் மெல்ல வினைபுரிந்து சிமென்ட்டில் உண்டாகும் அதே பசையைத் தரும். நம் தாத்தாக்கள் சுண்ணாம்போடு சுர்க்கி, அதாவது செங்கல்பொடி, சேர்த்துக் காரை அரைத்ததும் இதே கணக்குதான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு தானாகவே ஓரளவு இருக்கும். கல்கரி, அதாவது கறுப்பு நிலக்கரி, எரித்த சாம்பலில் அது குறைவு, நாம்தான் சேர்க்கவேண்டும்.

போன மாதம் 38 மில்லிமீட்டர் விட்டம், 76 மில்லிமீட்டர் உயரத்தில் இரண்டு உருளை அடித்தேன். ஒன்றில் மணலும் சாம்பலும். மற்றதில் கூடவே கொஞ்சம் நீற்றிய சுண்ணாம்பு. ஏழு நாள் பாலித்தீன் சுற்றி வைத்து, பிறகு இரண்டையும் வாளித் தண்ணீரில் இறக்கினேன். முதலாவது ஓரம் கரைந்து, குமிழி விட்டு, டீ குடித்து வருவதற்குள் அடியில் குவியலாகிவிட்டது. இரண்டாவது மறுநாள் காலையிலும் விளிம்பு மழுங்காமல் நின்றது. முதலாவது நிரப்பியது, இரண்டாவது பிடித்தது. சொல்லிலும் இந்த வேறுபாடு தெரியவேண்டாமா?

> கரிசலுக்குச் சுண்ணாம்பு போடுகிறோமே, அதுவும் பிடிப்பூட்டலா? கரிசலுக்குப் பிடிப்பு ஏற்கெனவே காலை விடாத அளவுக்கு உண்டு!

நல்ல அடி, அண்ணாச்சி. ஒத்துக்கொள்கிறேன். அங்கே சுண்ணாம்பின் முதல் வேலை பிசுபிசுப்பையும் மழையில் உப்பி வெயிலில் வெடிப்பதையும் அடக்குவது. கெட்டியாவது பிறகு, அதுவும் களிமண்ணில் இருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து. ஆகவே ‘மண் நிலைப்படுத்தல்’ பொதுப்பெயராக இருக்கட்டும். அதன் கீழே மணலுக்கு மட்டும் ‘பிடிப்பூட்டல்’. என் முந்தைய மடலில் எல்லாவற்றுக்கும் இதையே சொன்னது அவசரம்.

உலைப் புகையோடு வரும் சாம்பலுக்கு (fly ash) ‘பறக்கும் சாம்பல்’ வேண்டவே வேண்டாம், கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறது. செய்தித்தாளில் வரும் ‘உலர் சாம்பல்’ போதும். உலையின் அடியில் விழுவது ‘அடிச்சாம்பல்’. தண்ணீரோடு கரைத்துத் தேக்குவதை ‘குளத்துச் சாம்பல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தாமிரபரணிப் பாசனக்காரர்களிடம் குளத்தையும் சாம்பலையும் சேர்த்துச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ‘தேக்கச் சாம்பல்’ என்று வைக்கலாம்.

சாம்பலைக் குறிக்கும் ‘தொழிற்கழிவு’ என்ற சொல்லை மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. ‘துணைப்பொருள்’ என்று மினுக்கினால், கரை எழுப்ப அதைக் கொட்டுகிறவர் பக்கத்தில் கிணறு இருக்கிறதா என்று பார்க்கமாட்டார். சாம்பலில் கன உலோகங்கள் சிறிதளவேனும் உண்டு. வெறும் சாம்பலைக் கொட்டிக் கரை எழுப்பினால் இருபுறமும் நல்ல மண்ணால் மூடவேண்டும், மழையில் அரித்து ஓடிவிடும்.

கோவில்பட்டிப் பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: கரிசலின் உப்பலை அடக்குவதற்கு அங்கே வேலையாட்கள் வாயில் என்ன சொல் புழங்குகிறது?