டாட்ஜ் பவர் வேகனை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இந்தப் பழைய அமெரிக்க பிக்கப் வண்டியை நான் பார்த்தது மொன்டானாவில், போஸ்மனுக்கு வடக்கே, ஒரு மார்ச் மாதம். வாடகைக் கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மேலே பனி, அடியில் சேறு, சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் உள்ளே போகிறது. அரை மணி நேரம் கழித்து ஒரு பண்ணைக்காரத் தாத்தா வந்து நின்றார். வண்டிக்கு நீள மூக்கு, உருண்டையாகத் துருத்திய மட்கார்டுகள், முன் பம்பரில் ஒரு வின்ச், அதாவது கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளை. 1949 மாடல் என்றார்.

வின்ச்சுக்கு மோட்டார் எங்கே என்று கேட்டேன், சிரித்தார். மோட்டாரே கிடையாது, எஞ்சின்தான் இழுக்கிறது. கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு தண்டு வண்டிக்கு அடியிலேயே முன்பக்கம் வரை போகிறது, அதனால் பேட்டரி இறங்கிவிடுமோ என்ற கவலை இல்லை. கம்பி இறுகி, கார் ஒரு முழம் நகர்ந்திருக்கும், 'டப்' என்று சத்தம். போச்சுடா என்று நினைத்தேன். அவர் நிதானமாக ஒரு தகர டப்பாவைத் திறந்தார். பாரம் மிஞ்சினால் முதலில் உடைவதற்கென்றே வைத்த ஷியர் பின் அது. அது உடையாவிட்டால் கம்பி அறுந்து ஆளை வெட்டும், இல்லாவிட்டால் வின்ச் கியர் நொறுங்கும். இவர் மகன் ஒருமுறை சாமர்த்தியமாகக் கெட்டி போல்ட் ஒன்றைப் போட்டு அந்த இரண்டாவதைச் செய்து காட்டியிருக்கிறான். மண்வெட்டியால் டயருக்கு முன்னால் இருந்த சேற்றைத் தள்ளி, புதுப் பின் தட்டி, மறுபடி இழுத்தார். கார் ரோட்டுக்கு வந்தது.

அப்புறம் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் டாட்ஜ் ராணுவத்துக்குச் செய்த முக்கால் டன் வண்டிகளின் வாரிசு இது, 1946-ல் ஒரு டன் பிக்கப்பாகக் கடைக்கு வந்தது. 230 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், வெறும் 94 குதிரைசக்தி. ஆனால் அச்சில் 5.83 விகிதம், சக்கரம் ஒரு சுற்று சுற்ற அச்சுக்கு வரும் தண்டு 5.83 சுற்று சுற்ற வேண்டும், அதாவது இழுக்கும், வேகமாக ஓடாது. 80 கிலோமீட்டரைத் தொட்டால் கதறும். அமெரிக்காவில் 1968 வரை முகத்தைக்கூடப் பெரிதாக மாற்றாமல் விற்றார்கள், எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

* * *

நான் பார்த்தது சவுதியில், தம்மாம் பக்கம். அந்தக் காலத்தில் அராம்கோ என்ற எண்ணெய் நிறுவனம் தன் வேலைக்குப் பாலைவனத்தில் இந்த வண்டிகளை ஓட்டியது. ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்னால் ஒன்று நின்றது, அச்சு வரை மணல். ஏறி உட்கார்ந்தேன். மூன்று பெடலோடு காலால் மிதிக்க இன்னொன்றும் இருந்தது, ஸ்டார்ட்டராம். சும்மா மிதித்தேன், உள்ளே எங்கோ எலி ஓடியது.

* * *

கொலராடோவில் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பெயிண்ட், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், ஏசி, ஒரு சுற்றுகூடப் பிரிக்காத வின்ச் கம்பி. அது பவர் வேகன் இல்லை, பவர் வேகன் வேஷம். விலையைக் கேட்டுவிட்டுத் தள்ளி நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். சரி, மொன்டானா அண்ணா, அந்தத் தாத்தா காசு வாங்கினாரா?

* * *

வாங்கவில்லை தம்பி. டப்பாவில் மிச்சம் எத்தனை பின் என்று எண்ணிப் பார்த்தார், மூன்று. மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.