மறுமொழி: மீன்தொட்டி ‘சம்ப்’புக்குத் தமிழில் என்ன?

> ஆறடித் தொட்டிக்கு கேனிஸ்டர் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் மூடிய கலம்) போதுமா, சம்ப் (மீன்தொட்டிக்குக் கீழே வைக்கிற சுத்திகரிப்புத் தொட்டி) வைக்கணுமா என்று புதியவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். சம்புக்கு ‘கீழ்த்தொட்டி’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

வணக்கம்.

கீழ்த்தொட்டி எனக்கு ஒட்டவில்லை. சம்ப் என்றே விடலாமென்றால் சென்னையில் அது லாரித் தண்ணீர் இறக்குகிற நிலத்தடித் தொட்டி. கீழ்த்தொட்டி என்றாலும் அதே நினைப்புதான் வரும். தவிர, அந்தச் சொல் இருக்கும் இடத்தைச் சொல்கிறதே ஒழிய, செய்யும் வேலையைச் சொல்லவில்லை.

வேலை என்ன? மேல்தொட்டியில் ஒரு மட்டத்தைத் தாண்டும் தண்ணீர் தானாக வழிந்து குழாய் வழியே கீழே இறங்குகிறது. அங்கே பஞ்சில் கசடு நிற்கிறது. அடுத்த அறையில் பீங்கான் வளையங்களில் குடியிருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. கடைசி அறை மோட்டார் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுகிறது.

மட்டம் தாண்டி வழிவதற்கு நம்மிடம் சொல்லா இல்லை? திருநெல்வேலிப் பக்கம் குளம் நிரம்பி வழிந்தால் “மறுகால் பாயுது” என்பார்கள். நாங்குநேரி பக்கத்தில் மறுகால்குறிச்சி என்று ஊரே இருக்கிறது. ஒரு குளத்தின் மறுகால் கீழேயுள்ள அடுத்த குளத்துக்குப் போகும். இங்கே நடப்பதும் அதுதானே! வழியும் அமைப்புக்கு மறுகால், சம்புக்கு மறுகால் தொட்டி என்று வைக்கலாம்.

செங்கல்பட்டுக்காரர்கள் “ஏரி கோடி போகுது” என்பார்கள், தெரியும். ஆனால் ‘கோடித் தொட்டி’ என்றால் விலையைச் சொல்வதுபோல் இருக்கும். ஏரி வழியும் இடத்துக்கு இன்னொரு பெயரான ‘கலங்கல்’ இன்னும் மோசம்; தண்ணீரைத் தெளியவைக்கும் சாமானுக்கு அந்தப் பெயரா?

இன்னொரு சொல்லும் வேண்டும். என் தொட்டி ஆறடிக்கு இரண்டடி. வைத்த முதல் வாரமே ஒரு ராத்திரி கரண்ட் போனது. மேலே ஏற்றும் குழாயின் வாய் தண்ணீருக்குள் நாலு அங்குலம் மூழ்கியிருந்தது. அதே குழாய் சைஃபனாகித் தண்ணீரைக் கீழே இழுத்துவிட்டது. இந்த அளவுத் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினாலே ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர். நாலு அங்குலத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே அதில் பாதிக்குக்கூட இடம் விட்டிருக்கவில்லை. விடிந்து பார்த்தால் ஹாலில் செருப்பு மிதக்கிறது. இது மறுகால் இல்லை. வந்த வழியே திரும்புவது. ‘பின்பாய்வு’ என்று வைத்திருக்கிறேன். குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து நின்றுவிடும் என்பதையும் கட்டுரையில் சேருங்கள்.

அப்புறம், வளையங்கள் இருக்கும் அறையை ‘வடிகட்டி’ என்று எழுதாதீர்கள். வடிகட்டி என்றால் டீ வடிகட்டி மாதிரி குழாயடியில் காட்டித் தேய்க்கத்தான் கை போகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். ‘நுண்ணுயிர் அறை’ என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

கேனிஸ்டரை அப்படியே விடலாம். கடையில் அந்தப் பெயரில்தான் கேட்பார்கள். ஆனால் அது மூடிய கலம். மணிக்கணக்கில் கரண்ட் இல்லையென்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். இன்வர்ட்டர் இல்லாத வீட்டுக்கு நான் மறுகால் தொட்டியைத்தான் சொல்வேன்.

‘பின்பாய்வு’ மட்டும் எனக்கே முழுத் திருப்தி இல்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள்.