மறு: நிறப்புதிர், ஆறமர் ஆட்டம் – கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வண்ணங்களை ஊற்றியும் அடுக்கியும் வரிசைப்படுத்தியும் கைப்பேசியில் ஆடுகிற, மனத்துக்கு இதமளிப்பவை என்று சொல்லப்படுகிற புதிர் ஆட்டங்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மனத்தளர்வு வண்ணப்புதிர், வண்ணச் சாந்தி ஆட்டம், எளிபுதிர். மூன்றும் யோசித்து வைக்கப்பட்ட சொற்களே. ஆயினும் இந்த ஆட்டங்கள் தம்மைப் பற்றி விளம்பரத்தில் என்ன சொல்லிக்கொள்கின்றனவோ, அதையே இவை பெயராக்குகின்றன என்பது என் தயக்கம். கலைச்சொல் ஒரு பொருளின் இயக்கத்தைச் சுட்ட வேண்டும். அது தரும் பயனைச் சுட்டினால், பயன் கிடைக்காத இடத்தில் சொல்லும் பொய்யாகிவிடும். ஆகவே இந்த ஆட்டங்கள் ஏன் ஈர்க்கின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

முதலில் எளிபுதிர். இவை எளியவை என்பது தோற்றம் மட்டுமே. குழாய்களில் கலந்து கிடக்கும் வண்ண நீரை ஊற்றிப் பிரிக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பதிப்புகளில் ஒரு குழாயில் நான்கு அலகு நீர் கொள்ளும். மேலே இருக்கும் நிறத்தை அதே நிறத்தின் மேலோ காலிக் குழாயிலோதான் ஊற்றலாம். விதி இவ்வளவுதான். ஆனால் இந்த ஆட்டமும் இதன் உடன்பிறப்பான பந்து பிரிக்கும் ஆட்டமும் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தவை என்று 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதாவது குழாய்களும் நிறங்களும் பெருகப் பெருக, எந்த அமைப்புக்கும் விரைவாக விடை காணும் பொதுவழி எதுவும் இதுவரை அறியப்படாத சிக்கல்களின் வரிசையில் இவையும் நிற்கின்றன. பந்தாக நகர்த்தித் தீர்க்க முடிகிற அமைப்பை நீராக ஊற்றியும் தீர்க்க முடியும், மறுதலையாகவும் அப்படியே என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இப்படிப்பட்ட ஒன்றை எளிபுதிர் என்று அழைப்பது, ஆடுபவரின் அமைதியைப் புதிரின் எளிமையாக எண்ணிவிடுவதாகும். கடினமான ஒன்றை ஆடிக்கொண்டே ஒருவர் அமைதியாக இருக்கிறார் என்பதுதான் இங்கே விளக்கம் வேண்டும் செய்தி.

மனத்தளர்வு என்பதில் வேறு சிக்கல். தளர்வு என்றால் தமிழ்க் காதுக்கு முதலில் எட்டுவது சோர்வு. உடல் தளர்ந்தது, நடை தளர்ந்தது, மனம் தளராதே என்றெல்லாம்தான் நாம் பேசுகிறோம். இறுக்கம் தளர்வது நல்லது, மனம் தளர்வது நல்லதன்று. சாந்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அந்தச் சொல் நினைவை இழுத்துச் செல்லும் இடங்கள் வேறு.

இனி ஈர்ப்புக்கு வருகிறேன். நிறங்களே மனத்தை ஆற்றுகின்றன என்ற கருத்து முந்தைய மடல்களில் இரண்டு முறை வந்தது. இதை நான் ஏற்கவில்லை. 2010-இல் வெளியான பிஜுவெல்டு 3 ஆட்டம் இதற்கு நல்ல சான்று. அதில் ஒரே வண்ணக் கற்களை, ஒரே பொருத்தும் விதியோடு, பல முறைகளில் ஆடலாம். மின்னல் என்னும் பொருளில் பெயரிடப்பட்ட முறையில் கடிகாரம் துரத்தும். ஜென் என்னும் முறையில் ஆட்டத்துக்கு முடிவே கிடையாது, தோல்வியும் கிடையாது, விரும்பினால் மழை ஒலியோ கடல் ஒலியோ பின்னணியில் ஓடும். கற்களின் நிறங்கள் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் விரல் பதறுகிறது, மற்றொன்றில் மூச்சு சீராகிறது என்றால் அந்த வேறுபாட்டுக்கு நிறத்தைக் காரணமாகச் சொல்ல வழியில்லை. 2012-இல் வந்த கேண்டி க்ரஷ் சாகாவும் கண்ணுக்கு இனிய நிறங்களால் ஆனதுதான். அதில் நகர்வுகளுக்கு எண்ணிக்கை உண்டு. ஐந்து உயிர்கள் உண்டு. போன உயிர் ஒன்று திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதை ஆடிவிட்டு எழுபவர் முகத்தில் சாந்தியைத் தேடிப் பாருங்கள்.

ஆகவே அமைதி விதிகளிலிருந்து வருகிறது என்பது என் முடிவு: கடிகாரம் இல்லை, செய்ததைத் திருப்பிக்கொள்ளலாம், தோல்வி என்று ஒன்று அறிவிக்கப்படுவதில்லை, பாதியில் விட்டுவிட்டு நாளை வந்தாலும் பலகை விட்ட இடத்திலேயே காத்திருக்கும். கடைசியாகச் சொன்னது கைப்பேசிக்கு மிகவும் பொருந்துகிறது. கைப்பேசி எந்த நேரமும் குறுக்கிடக்கூடிய கருவி. அழைப்பு வந்தால் ஆட்டத்தை விட்டுத்தான் ஆக வேண்டும். விட்டதனால் எதையும் இழக்காத ஆட்டமே அந்தக் கருவியோடு இணக்கமாக வாழ முடியும்.

திருப்பிக்கொள்ளுதல் பற்றி ஒரு சிறு விளக்கம். ஊற்றும் ஆட்டத்தில் இரண்டு அலகு பச்சையை, மேலே ஒரு அலகு பச்சை இருக்கும் இன்னொரு குழாயில் ஊற்றுகிறோம். மூன்றும் கலந்து ஒரே பச்சையாகின்றன. மனம் மாறித் திரும்ப ஊற்றினால் பழைய இரண்டு மட்டும் வரும் என்ற உறுதியில்லை. பழைய குழாய் காலியாகியிருந்தால் மூன்றும் சேர்ந்தே ஓடிவரும்; அங்கே வேறு நிறம் மேலே வந்திருந்தால் ஊற்றவே முடியாது. விதிக்குள் இருந்தபடியே பின்வாங்குவது எல்லா நேரமும் இயலுவதில்லை என்பதால்தான், முந்தைய நிலைக்கு மீட்கும் பொத்தான் அந்த ஆட்டத்துக்கு உயிர்நாடியாகிறது. அந்தப் பொத்தானை ஒவ்வொரு முறை தொடும்போதும் முப்பது நொடி விளம்பரம் பார்க்கச் சொல்லும் செயலிகளும் உண்டு. நிறம் மாறவில்லை, ஊற்றும் விதியும் மாறவில்லை. திருப்பிக்கொள்வது தடைப்படுவதால் அமைதி மட்டும் போய்விடுகிறது.

அப்படியானால் நிறத்துக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். பெரிய பங்கு உண்டு, ஆனால் அது வேறொரு பங்கு. பல பச்சைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சிவப்பை நாம் தேடுவதில்லை; அது தானாகக் கண்ணில் படுகிறது. சுற்றிலும் எத்தனை பச்சைகள் இருந்தாலும் கண்டுபிடிக்கும் நேரம் ஏறக்குறைய மாறுவதில்லை என்பதை விளக்கும் கொள்கையை உளவியலாளர்களான ஆன் ட்ரீஸ்மனும் கேரி ஜெலாடும் 1980-இல் முன்வைத்தார்கள். எழுத்தாலோ எண்ணாலோ ஆன புதிரில் ஒவ்வொரு கட்டத்தையும் படித்தாக வேண்டும். நிறத்தால் ஆன புதிரில் பலகையின் நிலை முழுவதும் ஒரே பார்வையில் வந்துவிடுகிறது. படிக்கும் உழைப்பு மிச்சமாவதால், சிந்தனை முழுவதும் அடுத்த நகர்வுக்குப் போகிறது. பிழையும் அப்படியே பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது; யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. நிறம் சுமையைக் குறைக்கிறது, விதி அவசரத்தைக் குறைக்கிறது. இந்த இரண்டும் தனித்தனியானவை என்பதால் கலைச்சொல்லிலும் இவை தனித்தனி உறுப்புகளாக நிற்க வேண்டும் என்கிறேன்.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஊற்றும் ஆட்டத்தில் நிறம் வெறும் அடையாளம். சிவப்புக்குப் பதில் வட்டம், நீலத்துக்குப் பதில் முக்கோணம் என்று குறியிட்டாலும் புதிர் மாறாது. நிறக்குறைபாடு உள்ளவர்களுக்காகப் பல செயலிகள் இப்படியொரு வசதியைத் தருகின்றன. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சையைப் பிரித்தறிவதில் குறை உண்டு என்பதை நினைத்தால் அது சிறிய வசதியன்று. ஆனால் 2017-இல் வந்த ஐ லவ் ஹியூ போன்ற ஆட்டங்களில் நிறம் அடையாளமாக நிற்பதில்லை; அங்கே நிறமே அளவு. கலைந்து கிடக்கும் சதுரங்களை இடம் மாற்றி மாற்றி, ஒரு மூலையின் கருநீலம் படிப்படியாக எதிர்மூலையின் வெளிர்மஞ்சளாக மாறும்படி அமைக்க வேண்டும். குறியிட்டால் புதிர் புதிராக இராது, விடைத்தாளாகிவிடும்.

அந்த ஆட்டத்தை ஆடியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். சிறு கரும்புள்ளி இட்ட சதுரங்கள் அசையாதவை. மற்றவற்றை அவற்றை நம்பித்தான் நகர்த்துகிறோம். தனியாகப் பார்க்கும்போது ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு பச்சைகளில் ஒன்றை நீலத்தின் பக்கத்தில் வைத்தால் அது சட்டென்று மஞ்சள் பாய்ந்து தெரிகிறது. எடுத்து மஞ்சளின் பக்கத்தில் வைத்தால் அதே சதுரம் நீலம் பாய்கிறது. அருகிலுள்ள நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றும் என்பதைச் சாயத் தொழிற்கூடத்தில் பணியாற்றிய பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1839-இலேயே விரிவாக எழுதினார். அவர் நூலிழைகளில் கண்டதை நாம் ஐந்தங்குலத் திரையில் காண்கிறோம். சரியான இடத்தில் சதுரம் விழுந்த கணத்தில் அதற்கும் அண்டைச் சதுரங்களுக்கும் இடையிலிருந்த விளிம்பு மங்கிவிடுகிறது. அந்த மங்கலே சரி என்பதன் அறிகுறி. கைதட்டலோ நட்சத்திரமோ வேண்டியதில்லை. இதே செயலை, 85 வண்ண வில்லைகளை நான்கு தட்டுகளில் சாயல் வரிசைப்படி அடுக்கும் ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் சோதனை என்ற பெயரில், 1940-களிலிருந்து நிறப்பார்வையை அளக்கப் பயன்படுத்தி வருகிறார்கள். தேர்வாக இருந்த செயல், மதிப்பெண்ணை எடுத்துவிட்டவுடன் பொழுதுபோக்காகிவிட்டது என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. நீல ஒளியைக் குறைக்கும் இரவு அமைப்பைப் போட்டுக்கொண்டு இதை ஆடுபவர்கள் நீலச் சாயல்கள் ஒன்றோடொன்று நெருங்கிவிடுவதையும் கண்டிருப்பார்கள்.

இப்போது சொற்கள். நிறமா வண்ணமா என்ற கேள்வியில் நான் நிறத்தின் பக்கம். வண்ணம் இனிய சொல்தான். ஆனால் அதற்கு விதம் என்ற பொருளும், தொல்காப்பியம் இருபதாக எண்ணுகிற பாவின் ஓசை என்ற பொருளும் உண்டு. கலைச்சொல்லில் ஒரு பொருள் போதும். எனவே இவ்வகை அனைத்துக்கும் பொதுப்பெயராக நிறப்புதிர் என்பதை முன்மொழிகிறேன். நிறம் அடையாளமாக மட்டும் நின்று, ஊற்றியோ நகர்த்தியோ பிரிக்கப்படுபவை நிறவடுக்குப் புதிர். நிறமே அளவாகி வரிசை கொள்பவை சாயல்வரிசைப் புதிர். நிறநிரல் என்ற சொல்லை ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். ஓசை அருமை, ஆனால் கணினித் துறையில் நிரல் என்றால் கட்டளைத் தொகுப்பு என்று ஊன்றிவிட்ட பிறகு அதைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது நடவாது.

ஆட்டத்தின் போக்கைக் குறிக்க நான் சொல்ல விரும்புவது ஆறமர் என்பது. ஆற அமர யோசி, ஆற அமரச் செய் என்று நாள்தோறும் பேசுகிறோம். பதறாமல், நேரம் எடுத்துக்கொண்டு என்பதே அதன் பொருள்; மேலே விதிகளில் நாம் கண்டதும் அதுவே. ஆறுதல் என்ற வினைக்குள் சூடு தணிவதும் களைப்பு நீங்குவதும் சினம் அடங்குவதும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனாலும் இந்தத் தொடர் ஆடுபவர் எப்படி ஆடலாம் என்பதைத்தான் சொல்கிறது. ஆடிய பின் என்ன கிடைக்கும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. ஆற, அமர என்னும் எச்சங்களைப் புணர்த்தினால் ஆறவமர என்றுதானே வரும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்பார்கள். உண்மை. நான் புணர்த்துவது எச்சங்களையன்று, பகுதிகளை: ஆறு என்பதும் அமர் என்பதும் குற்றியலுகரம் கெட்டு ஆறமர் என்றாகும். ஆறு என்றவுடன் எண்ணோ நதியோ நினைவுக்கு வரும் என்ற தடையையும் எதிர்பார்க்கிறேன். அடுத்து அமர் வந்து நிற்பதால் அந்த மயக்கம் நீடிக்காது என்றே கருதுகிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்லின் வலு தெரியும். “இந்த நிறவடுக்குப் புதிரை ஆறமர் முறையிலும் கெடுமுறையிலும் ஆடலாம்.” “புதிய பதிப்பில் சாயல்வரிசைப் புதிர்கள் நாற்பது சேர்க்கப்பட்டுள்ளன. அனைத்தும் ஆறமர் ஆட்டங்களே.” கெடுமுறை என்பதைக் காலக்கெடு உள்ள முறை என்ற பொருளில் எழுதினேன், கெடுதல் என்ற பொருள் தலைகாட்டுவதால் அங்கே காலக்கெடு முறை என்று முழுதாக எழுதுவதே நன்று. ஆறமர் என்பதை நிறத்தோடு ஒட்டவைக்காமல் தனியாக வைத்ததில் ஒரு வசதியும் உண்டு. எண் புதிருக்கும் சொற்புதிருக்கும் துண்டுப் படங்களைச் சேர்க்கும் ஆட்டத்துக்கும் அதே அடை பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை.

மூன்று ஒரே நிறங்களைச் சேர்த்து மறையச் செய்யும் ஆட்டங்களை இந்தப் பகுப்பில் எங்கே வைப்பது என்பதில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. 1994-இல் ரஷ்யாவில் உருவான ஷாரிகி முதல் இன்று வரை அவை ஒரு தனி மரபு. அங்கே அடுக்கி முடிக்கப்பட்ட ஒழுங்கு எஞ்சுவதில்லை. சேர்ந்தவுடன் கற்கள் போய்விடுகின்றன, மேலிருந்து புதியவை விழுகின்றன. நிறப்பொருத்தம் என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். அதில் பொருத்துவது மட்டுமே ஒலிக்கிறது, மறைவது ஒலிக்கவில்லை. இதற்கு நல்ல வினைப்பகுதி ஒன்று குழுவில் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். பட்டியலை மூடுவதற்கு முன் அதையும் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்