மறு: புள்ளியியலில் வரும் ‘பேய்சியன்’ (Bayesian) என்பதற்குத் தமிழில் என்ன வைப்பது?

> மார்க்சியர், காந்தியர் போல ‘பேயியர்’ என்று வைத்துவிடலாமே?

இலக்கணம் சரிதான். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வேப்பிலை தேடுவார்கள். தேற்றத்துக்குப் பெயர் தந்த தாமசு பேய்சின் ‘சு’ கட்டாயம் வேண்டும்.

அதைவிட, ஒரே பெயரடை தேற்றத்தையும் ஒரு தரப்பையும் குறித்து இரண்டு வேலை பார்ப்பதுதான் சிக்கல். பேய்சு தேற்றத்தை மறுப்பவர் யாருமில்லை. அது நிபந்தனை நிகழ்தகவுக் கணக்கு, அதாவது ஒன்று தெரிந்தபின் இன்னொன்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது. எரிதம் (spam) வடிகட்டும் நிரல், மடல்களில் சொற்களை எண்ணி அந்த வாய்பாட்டில் போடுகிறது. அதனால் அந்த நிரலை எழுதியவர் பேய்சியன் தரப்பினர் ஆகிவிடமாட்டார். நாணயத்தில் தலை விழும் விகிதம் போன்ற தெரியாத பண்பளவைக்கே (parameter) நிகழ்தகவுப் பரவல் கொடுப்பவர்தான் அத்தரப்பினர். எதிர்த்தரப்புக்கு அது மாறாத எண். நாணயத்தைத் திரும்பத் திரும்பச் சுண்டினால் என்ன வரும் என்பதற்கு மட்டுமே நிகழ்தகவு உண்டு.

ஆகவே தேற்றத்துக்குப் ‘பேய்சு’, தரப்புக்குப் ‘பேய்சு நெறி’, ஆளுக்குப் ‘பேய்சு நெறியர்’.

> ‘-வாதி’ பழைய வழக்குத்தானே?

ஆம், மணிமேகலையில் அளவைவாதி, பூதவாதி எல்லாம் வரிசையாக வருகிறார்கள். நன்னூலின் எழுவகை மதத்தில் ‘மதம்’ என்பதும் ஆசிரியர் கொள்ளும் கொள்கைதான். இன்று முன்னது நீதிமன்றத்துக்கும் பின்னது கோயிலுக்கும் போய்விட்டன. ‘சிந்தனைப் பள்ளி’யில் மொழிபெயர்ப்பு நெடி. ‘நெறி’யில் நடக்கும் முறை இருக்கிறது, இங்கே அதுதான் பொருள்: தரவைப் பார்க்குமுன் முன்தகவை (prior, முன்கூட்டிய நிகழ்தகவுப் பரவல்) எழுதிவைப்பது, தரவால் அதைத் திருத்துவது, கிடைக்கும் பின்தகவை (posterior) முழுப் பரவலாகவே அறிவிப்பது.

நாணயத்தை 10 முறை சுண்டியதில் 7 தலை என்போம். எல்லா விகிதத்தையும் சமமாகக் கொள்ளும் பீட்டா(1,1) பரவல் முன்தகவானால், 7 தலையும் 3 பூவும் கூடிப் பின்தகவு பீட்டா(8,4), சராசரி 0.67. நாணயம் நேர்மையானது என்று சாயும் பீட்டா(10,10) எடுத்தால் பீட்டா(17,13), 0.57. இதே விகிதத்தில் 1000 முறை சுண்டிய தரவு வந்தால் இரண்டுமே 0.70-ஐ ஒட்டிவிடும். தரவு குறைவாக இருக்கும்போது முன்தகவை மாற்றிப் போட்டுக் காட்டாதவர் வேலையைப் பாதியில் விட்டவர். தரவைப் பார்த்தபின் முன்தகவைத் தேர்ந்தால் ஒரே தரவு இருமுறை கணக்கில் ஏறும். எதற்காவது முன்தகவு 0 என்று வைத்தால் எத்தனை சான்று வந்தாலும் 0 தான்.

---

> பேய்சு நெறியர்

ஏற்கிறேன், ஆனால் எல்லாரும் ஒரே வகை போலத் தோன்றுகிறதே. புள்ளியியலாளர் ஐ. ஜே. குட் 1971-இல் இந்தத் தரப்பிலேயே 46,656 வகை காட்டினார் (பாதி கிண்டல்). குறைந்தது ‘அகவய’, ‘புறவய’ என்ற முன்னொட்டாவது வேண்டும். முன்தகவு ஆளுக்கு ஆள் மாறலாம் என்பவர் முன்னவர்; விதிப்படி ஒன்றே வர வேண்டும் என்பவர் பின்னவர்.

எதிர்த்தரப்பு ‘நிகழ்வெண் நெறியர்’ (frequentist). இலங்கை வழக்குக்கு ‘மீடிறன் நெறியர்’ என்றும் பதியலாம். ‘நம்பிக்கை இடைவெளி’ (confidence interval) புள்ளியியலாளர் நேய்மன் 1937-இல் வகுத்தது, ஏற்கெனவே அவர்கள் பக்கம் போய்விட்டது. பேய்சு நெறியில் வரும் இடைவெளிக்கு அதே சொல்லைப் போட்டால் மாணவர் குழம்புவார். ‘பின்தகவு இடைவெளி’ என்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன். மறுப்பிருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.