ஹைட்ரோபோனிக் செலரி: நடுக்குருத்து கருகுகிறது, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் பால்கனியில் 20 லிட்டர் பக்கெட்டில், மண் இல்லாமல் உரம் கலந்த தண்ணீரில் (அதுதான் ஹைட்ரோபோனிக்), ஏர் பம்ப் போட்டு 4 செலரிச் செடி வளர்க்கிறேன். ஓமத்தை விடப் பொடியான விதை. முளைக்கவே மூன்று வாரம் ஆனது, அதுவரை தினமும் எட்டிப் பார்த்த என்னை வீட்டில் பண்ணாத கிண்டல் இல்லை.

இப்போது 70 நாள் ஆகிறது. வெளி இலைகள் பச்சைப் பசேல் என்று இருக்கின்றன. ஆனால் நடுவில் வரும் இளங்குருத்து நுனியில் பழுப்பாகி, இரண்டே நாளில் கருத்துக் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. தண்டும் பென்சில் கனம்தான், கடித்தால் கசப்பு.

பக்கெட் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 6.2, இசி (கரைந்த உரத்தின் அளவு) 2.0. போர் தண்ணீர் ரொம்ப உப்பு என்று போன மாதம் முழுக்க ஆர்ஓ தண்ணீருக்கு மாறினேன். அதனால் கால்சியம் குறைந்துதான் குருத்து கருகுகிறதோ என்று சந்தேகம். ஏ, பி என்று இரண்டு பாகமாக வரும் உரக்கரைசல்களைத் தண்ணீர் கலக்காமல் ஒன்றாக ஊற்றி, தயிர் திரிந்த மாதிரி அடியில் வெள்ளையாகப் படிந்த கூத்தும் ஒருமுறை நடந்தது. (அதன்பிறகு தனித்தனியாகத்தான்.) மதியம் பக்கெட் தண்ணீர் 29 டிகிரி. வேர் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது, வாடை இல்லை.

கால்சியம் நைட்ரேட்டைக் குருத்தில் தெளித்தால் பலன் உண்டா? யாராவது செய்திருந்தால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்லுங்கள். இல்லை, போர் தண்ணீரையே கொஞ்சம் கலந்தால் போதுமா? பக்கெட்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியும் இரண்டு டிகிரிதான் இறங்குகிறது. ஐஸ் பாட்டில் போடுகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றுகிறீர்கள்? படம் கமெண்டில் போடுகிறேன்.