தம்பி காட்டுன மிட்சைஸ் ஜெட்: லண்டனுக்கு நேரா போகுமாம், நெசமா?

பொகவந்தலாவ அக்கா

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி துபாய்ல ஏர்போட்ல வேலை செய்றான், பெரிய வேலைன்னு நெனச்சிறாதீங்க, பிரைவட் ஜெட்டுகளுக்குள்ள வேக்கும் அடிச்சு சீட்டு தொடச்சு குடுக்கிறதுதான். போன கெழம செஸ்னா சிட்டேஷன் லாட்டிடியூட்னு ஒரு பிளேன்குள்ள நின்னுக்கிட்டு வீடியோ கோல் எடுத்தான். அவன் 5 அடி 11, தல கூரையில முட்டல, அத நானே பார்த்தேன். ஆனா அதுக்கப்புறம் அவன் விட்ட கதைதான் எனக்கு செரிக்கல: பெரிய பிளேன விட மேல போகுமாம், 45,000 அடியாம், 9 பேர ஏத்திக்கிட்டு கொழும்புல இருந்து லண்டனுக்கு நேரா போகுமாம், சின்ன ரன்வேயே போதுமாம். அம்மா பக்கத்துல இருந்து "அவ்ளோ மேல போனா மூச்சு எப்படிடா விடுறது"ன்னு கேட்டதுக்கு அவன்கிட்ட பதிலே இல்ல, சிக்னல் கட்டாயிருச்சுன்னு வச்சிட்டான். தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க, எது நெசம், எது அளப்பு?

ராகலை மெக்கானிக்

அக்கா, நான் பொறந்தது ராகலை, இப்ப கட்டுநாயக்க ஏர்போட் பக்கம் விமான மெயின்டனன்ஸ் வேலை. உங்க தம்பி பாதி நெசம் பாதி அளப்பு.

நிமிந்து நின்னது நெசம். லாட்டிடியூட் கெபின் உயரம் 1.83 மீட்டர், சரியா 6 அடி, அகலம் 1.95 மீட்டர், தரை முழுக்க ஒரே மட்டம். இதுக்கு முந்தின சைஸ், அதே செஸ்னா கம்பெனியோட எக்ஸ்எல்எஸ்னு ஒரு ஜெட், அதுல நடுவுல நடக்கிற எடம் மட்டும் பள்ளமா இருக்கும், அப்படியும் உயரம் 1.73தான், அதுல உங்க தம்பி குனிஞ்சுக்கிட்டுதான் வேக்கும் அடிக்கனும். இந்த மொடல் 2014ல மொதல்ல பறந்துச்சு, 2015ல செர்டிபிகேட் கெடச்சுச்சு. பிராட் அண்ட் விட்னி கனடா எஞ்சின் ரெண்டு, ஒவ்வொன்னும் 5,907 இறாத்தல் தள்ளும். ஆகக்கூடின வேகம் மணிக்கு 826 கி.மீ அளவுல, அதாவது நீங்க சவுதிக்கு போற சாதாரண ஏர்பஸ்ஸும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டம்தான், பிரைவட் ஜெட்டுனா பிச்சுக்கிட்டு போகும்னு நெனைக்கிறது தப்பு. இவங்களுக்கு நேரம் மிச்சமாகுறது செக்கின் கியூ இல்ல, நெனச்ச நேரத்துக்கு கெளம்பலாம்ங்கிறதுனாலதான்.

லண்டன் கதை சுத்த அளப்பு. இதோட ரேஞ்ச் 2,700 கடல் மைல், 5,000 கி.மீ. கொழும்பு - லண்டன் 8,700 கி.மீ பக்கம் வரும். துபாய்ல எறங்கி எண்ணெ அடிச்சாலும் அங்கிருந்து லண்டன் 5,500 இருக்கே, அதுவும் எட்டாது, துபாய் வழியா போனா இன்னொரு எடத்துலயும் எறங்கித்தான் போகனும். துபாய், சிங்கப்பூர், டெல்லி இதெல்லாம் ஒரே மூச்சுல போயிரும்.

இன்னொன்னு, அந்த 5,000ங்கிறதே 4 பேர் போற கணக்கு. டேங்க் நெறைய எண்ணெ அடிச்சா அப்புறம் ஆளும் பேக்கும் சேத்து 450 கிலோதான் ஏத்தலாம், பேக்கோட ஒரு ஆள் 90 கிலோன்னா அஞ்சு பேர். 9 பேர் ஏறனும்னா எண்ணெய கொறச்சு தூரத்தையும் கொறச்சுக்கனும். நம்மூர் லொறி டிரைவருக்கு இத சொல்லிக் குடுக்கவே தேவல்ல. எண்ணெ எவ்ளோன்னா 11,394 இறாத்தல், லீட்டர்ல 6,400க்கு மேல, பெட்ரோல் செட்டுக்கு வருமே 6,600 லீட்டர் பவுசர், கிட்டத்தட்ட அது முழுக்க. அதுவும் பெரிய மர்ம எண்ணெ ஒன்னும் இல்ல, ஜெட் ஏ-1ன்னா சுத்தமா வடிச்ச மண்ணெண்ணெ, லயத்துல குப்பி விளக்குக்கு ஊத்துனதோட அண்ணன்முறை.

தலவாக்கலை சேர்

மெக்கானிக் தம்பி நல்லா சொல்லிட்டார். மூச்சு விடுறத பத்தி அம்மா கேட்ட கேள்விதான் இந்த திரெட்லயே பெறுமதியான கேள்வி, அத யாரும் தொடல, அதனால நான் வர்றேன் (ஏ.எல் பிசிக்ஸ் படிப்பிக்கிறவன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்).

45,000 அடியில வெளிய காத்தோட அமுக்கம் கடல் மட்டத்துல இருக்கிறதுல ஏழுல ஒரு பங்குதான், குளிர் மைனஸ் 56 பக்கம். வெளிய தலய நீட்டுனா சில செக்கன்ல மயக்கம். அதனால எஞ்சின்ல இருந்து அமுக்குன காத்த எடுத்து கெபினுக்குள்ள நெரப்பி வைக்கிறாங்க. உள்ளயும் வெளியவும் உள்ள அமுக்க வித்தியாசத்த பிளேனோட ஒடம்பு தாங்கனும், லாட்டிடியூட்ல அது ஒரு சதுர அங்குலத்துக்கு 9.66 இறாத்தல். உள்ளங்கை அளவு எடத்துலயே ஒரு அரிசி மூட்டைக்கு மேல பாரம் வெளிய பாத்து தள்ளிக்கிட்டு இருக்கும்னு வச்சிக்கோங்க.

அப்படி நெரப்புனாலும் உள்ள கடல் மட்டம் மாதிரி இருக்காது. 45,000 அடியில பறக்கும்போது லாட்டிடியூட் கெபினுக்குள்ள 5,950 அடி ஒசரத்துல இருக்கிற காத்துதான் இருக்கும். நுவரெலியா டவுன் எவ்ளோ? 1,868 மீட்டர், 6,128 அடி. அதாவது அந்த கோடீஸ்வரர் ஆகாயத்துல குடிக்கிற காத்து நம்ம நுவரெலியா பஸ்டாண்ட் காத்து (பஸ் புகை இல்லாம). சாதாரண பயணிகள் விமானத்துல இது 8,000 அடி வரைக்கும் ஏறலாம், அது கிட்டத்தட்ட பீதுருதலாகல உச்சி, அந்த மலை 2,524 மீட்டர். சவுதி பிளேன்ல எறங்குறப்போ தல கனக்குது, உடம்பு அசதியா இருக்குன்னு நம்ம ஆளுங்க சொல்றதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

பிள்ளைகளுக்கு நான் காட்டுறது இதுதான்: கொழும்புல மிக்சர் பக்கெட் ஒன்னு வாங்கி பிரிக்காம பஸ்ல கொண்டு வாங்க. றம்பொடை ஏறும்போதே காது அடைக்கும், நுவரெலியா வரும்போது பக்கெட் பலூன் மாதிரி ஊதியிருக்கும். பிளேன்ல நடக்கிறதும் அதேதான். தேத்தண்ணிக்கு தண்ணியும் நம்மூர் மாதிரியே 94 பாகைக்கு கிட்ட கொதிச்சிரும்.

அவ்ளோ மேல ஏன் போறாங்கன்னா, அங்க காத்து மெலிசு, இழுவை கொறவு, எண்ணெ மிச்சம். மழை மேகம் அநேகமா கீழயே நின்னுரும். ஏர்பஸ் ஏ320 39,000 சொச்சத்தோட நிக்கும், அதுக்கு மேல ரோட்டு காலி. கம்பெனி கணக்குப்படி 43,000 அடிக்கு 23 நிமிசத்துல நேரா ஏறிரும்.

கிரிகரி வாவி

சேர் அப்ப நான் தெனமும் பிரைவட் ஜெட்லதான் இருக்கேன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லலாம்ல 😄

சரி சீரியசா ஒன்னு, சின்ன ரன்வே போதும்னா நுவரெலியா ரேஸ்கோர்ஸ்ல எறக்க முடியாதா? ஏப்ரல் சீசனுக்கு கொழும்பு ஆளுங்க ரம்பொடை ட்ராபிக்ல சாகுறாங்களே.

ராகலை மெக்கானிக்

வாவி அண்ணே, புல்லுல எறக்குனா எஞ்சினுக்குள்ள குதிர சாணிதான் போகும். 😄 லாட்டிடியூட் ஓடி மேல எழும்ப 1,091 மீட்டர் ரன்வே வேணும், ஆனா அது கடல் மட்டத்துல, 15 பாகை குளிர்ல போட்ட கணக்கு. கொழும்பு வெயிலுக்கே கூடும். ரத்மலானை ரன்வே 1,800 மீட்டருக்கு கொஞ்சம் மேல, அங்க தாராளமா எறங்கலாம். நுவரெலியா ஒசரத்துல காத்து அடர்த்தி கடல் மட்டத்துக்கு 100க்கு 83தான், எறக்கைக்கும் பிடிப்பு கொறவு எஞ்சினுக்கும் மூச்சு கொறவு, அதனால ஓடுற தூரம் நல்லா நீளும். போதாததுக்கு நாலு பக்கமும் மலை, மத்தியானம் ஆனா மிஸ்ட். ஹெலிதான் சரி.

நோர்ட்டன் பேரன்

மலையும் மிஸ்ட்டும்னு சொன்ன ஒடனே எழுதனும்னு தோணுச்சு. 1974 டிசம்பர் 4 ராத்திரி ஹஜ்ஜுக்கு போற ஆளுங்கள ஏத்திக்கிட்டு இந்தோனேசியாவுல இருந்து வந்த மார்ட்டின்ஏர் கம்பெனியோட டிசி-8 பிளேன் எங்க சப்தகன்னி மலையிலதான் மோதுச்சு, 191 பேரும் போயிட்டாங்க. கட்டுநாயக்கவுக்கு கிட்ட வந்துட்டோம்னு தப்பா நெனச்சு முன்னாடியே கீழ எறக்கிட்டாங்க. தாத்தா அப்ப தோட்டத்துல வேலை, விடிஞ்சதும் கொழுந்து மலைக்கு யாரும் போகல, எல்லாரும் அந்த பக்கம்தான் ஏறுனாங்கன்னு சொல்வார், அதுக்கு மேல கேட்டா பேச்ச மாத்திருவார்.

என் கேள்வி, இப்ப உள்ள சின்ன ஜெட்டுகள்ல அதுக்கு ஏதும் இருக்கா?

ராகலை மெக்கானிக்

இருக்கு தம்பி. லாட்டிடியூட்ல கார்மின் ஜி5000னு காக்பிட், டச் ஸ்கிரீன். எந்த எடத்துல எவ்ளோ ஒசர மலைன்னு மெமரியிலயே இருக்கும், ஜிபிஎஸ்ஸோட ஒப்பிட்டு பாத்துக்கிட்டே வரும். ஆபத்தான மலைய செவப்புல காட்டும், கிட்ட போனா "டெரெயின், புல் அப்"னு கத்தும். ராத்திரியோ மிஸ்ட்டோ அதுக்கு ஒன்னுதான். அன்னைக்கு அந்த பைலட்டுக்கு இது இருந்திருந்தா சப்தகன்னி திரையில செவப்பா நின்னிருக்கும்.

பொகவந்தலாவ அக்கா

எல்லாருக்கும் நன்றி. சேர் எழுதுனத அம்மாவுக்கு வாசிச்சு காட்டுனேன், "நுவரெலியா காத்துதானா, அப்ப சொட்டர் போட்டுக்க சொல்லு"ன்னாங்க, குளிர் வேற காத்து வேறன்னு வெளங்க வைக்க நான் பட்ட பாடு. தம்பிகிட்ட 450 கிலோ கணக்க கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "9 சீட்டு இருந்துச்சு அத நான்தானே தொடச்சேன்"ங்கிறான். லண்டன் பேச்ச எடுத்தா மறுபடி சிக்னல் இல்லியாம்.